ஊசி இரண்டு, நூல் ஒன்று



மார்கழி பிறந்துவிட்டது. விடியப்புறம் கிணற்றடிக்குப் போகிறவர்கள் தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு போகிற மாதம். கம்பளி நூல் பின்னல் பழக விரும்புகிறவர்களும் இந்த மாதத்தில்தான் கூடுகிறார்கள். வீட்டில் ஒரு குழந்தை பிறக்கப் போகிறது, அதற்கு ஒரு தொப்பி பின்ன வேண்டும். கனடாவில் இருக்கும் மகளிடம் போகிறார்கள், பேரனுக்கு ஒரு கழுத்துத்துணி கொண்டுபோக வேண்டும். ஆசை வந்தவுடன் தயக்கமும் வந்துவிடுகிறது. இந்த வயதில் கை வளையுமா? இந்த வெக்கை ஊரில் கம்பளிக்கு என்ன வேலை? இந்த இதழிலிருந்து புதிதாகப் பழகுகிறவர்களுக்கென்று சில பக்கங்களைத் தொடங்குகிறோம். அதற்கு முன் அந்தத் தயக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் கதைப்போம்.

பின்னல் குளிர்நாட்டு வேலை என்ற எண்ணம் நம் மனதில் ஊறிவிட்டது. ஆனால் உலகில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய ஊசிப்பின்னல்களில் பல எகிப்தில் கிடைத்தவை. 11ஆம் நூற்றாண்டுக்கும் 14ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை என்று அறிஞர்கள் கணிக்கும் காலுறைகளும் துண்டுகளும் அவற்றில் உண்டு. பெரும்பாலானவை பருத்தி நூலால், வெள்ளையும் அவுரி நீலமுமாகப் பின்னப்பட்டவை. நம்மைப்போல வெயிலில் வாழ்ந்தவர்களின் கைவேலை அது. ஆகவே கம்பளிதான் வேண்டும் என்று யாரும் காத்திருக்கத் தேவையில்லை. பருத்தி நூலில் தொடங்கலாம்.

இன்னொன்றும் செய்து பாருங்கள். வீட்டிலுள்ள பெனியன் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். வெளிப்பக்கத்தில் சின்னச் சின்னதாக ஆங்கிலத்து ‘வி’ எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக வரிசை கட்டி நிற்கும். உட்பக்கத்தில் குறுக்கே மேடுமேடாக ஓடும். இரண்டு ஊசியால் அம்மம்மா பின்னும் தொப்பியிலும் இதே கண்ணிதான், அளவுதான் வேறு. இங்கிலாந்தில் வில்லியம் லீ 1589இல் காலுறை பின்னும் பொறியொன்றைச் செய்தார். திருப்பூரில் இன்று ஓடும் பின்னல் இயந்திரங்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவை. நாள் முழுக்க நம் உடம்பில் கிடக்கும் உடுப்பை நமக்குத் தொடர்பில்லாத வேலை என்று எப்படிச் சொல்வது?

நம் யாழ்ப்பாணத் தீபகற்பத்தின் கைகளுக்கு இந்த வேலையில் ஏற்கெனவே பாதித் தேர்ச்சி உண்டு என்பதே என் உறுதியான எண்ணம். பனையோலையால் இழைக்கும் பன்னவேலையை எடுத்துக்கொள்ளுங்கள். நீத்துப்பெட்டி, கடகம், பாய், கொட்டைப்பெட்டி எல்லாம் ஒரு சார்வு மேலே, ஒரு சார்வு கீழே என்று எண்ணி எண்ணி இழைக்கிற பொருள்கள். ஓலையை நனைத்துப் பதப்படுத்தி, காயும் முன்னே இறுக்கி இழைக்க வேண்டும். எண்ணிக்கை ஒன்று தவறினால் மூலை வளைந்துபோகும். பனை அபிவிருத்திச் சபை 1978இல் உருவானபின் இந்த வேலை பயிற்சியாகவும் விற்பனையாகவும் ஒழுங்குபட்டது. ஆனால் அதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே நம் முற்றங்களில் பிள்ளைகள் பெரியவர்களுக்குப் பக்கத்தில் இருந்து இதைப் பழகினார்கள். நீத்துப்பெட்டி இழைக்கத் தெரிந்த ஒருவருக்கு வரிசையை எண்ணுவது எப்படி என்று யாரும் புதிதாகச் சொல்லித் தரத் தேவையில்லை.

வலையோ இன்னும் நெருங்கிய உறவு. வலையில் ஒவ்வொரு கண்ணும் முடிச்சுப் போட்டுக் கட்டப்படுகிறது. ஒரு கண் அறுந்தால் பக்கத்துக் கண்கள் அசையாமல் நிற்கும். குருநகரிலும் பாசையூரிலும் நாவாந்துறையிலும் கரையில் இருந்து வலை பொத்துகிறவர்கள், கிழிந்த இடத்தைச் சுற்றி வெட்டித் துப்புரவாக்கிவிட்டு, அந்த இடத்துக்கு மட்டும் புதுக்கண் கட்டுவது அதனால்தான். ஊசிப்பின்னலில் முடிச்சு கிடையாது. ஒரு கண்ணி அதற்கு மேலுள்ள கண்ணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஒன்று ஊசியிலிருந்து நழுவினால் அதன் கீழே இருப்பவை வரிசையாக அவிழ்ந்துகொண்டே போகும். புதிதாகப் பழகுகிறவர்களை அழவைப்பது இதுதான். ஆனால் அந்தக் குறையிலேயே பெரிய வசதி ஒன்றும் இருக்கிறது. முடிச்சில்லாததால் முழுவதையும் அவிழ்த்து அதே நூலில் திரும்பப் பின்னலாம். பழைய சுவெற்றரை அவிழ்த்து, நூலை நனைத்து உலர்த்திச் சுருக்கம் எடுத்து, வளர்ந்துவிட்ட பிள்ளைக்கு வேறொன்று பின்னலாம். துணி தைக்கிறவருக்கு வெட்டுவதற்கு முன் பயம் இருக்க வேண்டும். பின்னுகிறவருக்கு அந்தப் பயம் வேண்டியதில்லை.

வலை கட்டுகிறவர்களில் ஆண்களும் பெண்களும் உண்டு. கடற்கரை இந்த வேலையை ஒரு பாலுக்கென்று ஒதுக்கவில்லை. ஒதுக்கியது பள்ளிக்கூடம். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹரியற் வின்ஸ்லோ 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். பெண்கள் படிப்பதையே ஊர் ஏற்காத காலம் அது. 1840இல் வந்த எலைசா அக்னியூ 1879 வரை அந்தப் பாடசாலையை நடத்தினார். எழுத்தோடு தையலும் அன்றைய பெண்கல்வியின் பகுதியாக இருந்தது. பெற்றோரின் மனதை இளக்க அதுவும் உதவியிருக்கும் என்றே நினைக்கிறேன். அந்தப் பாடசாலைகளுக்கு நாம் பட்ட கடன் பெரியது. ஆனாலும் ஊசியும் நூலும் பெண்பிள்ளைகளின் பாடம், ஆண்பிள்ளைகளுக்கு மரவேலை என்று பிரித்த பழக்கம் அந்தக் காலத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் பின்னல் தொழிலாளர் சங்கங்களில் இருந்தவர்கள் ஆண்களே. எங்கள் பயிற்சிப் பக்கங்களை மகன்மாருக்கும் காட்டுங்கள்.

வலையையும் கம்பளியையும் ஒரே கதையில் கட்டிய மனிதர் ஒருவர் நம்மிடையே இருந்தார். அந்தோனி இராஜேந்திரம் 1956இல் யாழ்ப்பாணத்திலிருந்து நோர்வேக்குப் போய் மீன்பிடி பற்றிப் படித்தார். 1967இல் அந்த நாட்டு மக்களின் உதவியோடு இங்கே கடற்றொழில் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். அது சீநோர் என்ற பெயரில் வளர்ந்து, காரைநகரில் படகு கட்டும் தளமும் குருநகரில் வலைத் தொழிற்சாலையும் கொண்டதாயிற்று. அவர் திறந்த வழியால் பின்னர் எத்தனையோ இளைஞர்கள் நோர்வேக்குப் போனார்கள். அவர்களின் பிள்ளைகள் இன்று படிக்கும் பாடசாலைகளில் கைவேலை ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான பாடம், பின்னலும் அதில் உண்டு. அந்த நாட்டின் செல்பூ என்ற ஊரில் 1857இல் மாரித் எம்ஸ்தாத் என்ற இளம்பெண் கறுப்பும் வெள்ளையுமாக எட்டிதழ்ப் பூ வைத்துக் கையுறை பின்னினார். அந்தப் பூ இன்று நோர்வேப் பின்னலின் அடையாளம். கட்டம் போட்ட தாளில் அந்தப் பூவின் வரைபடத்தைப் பார்த்தால், புள்ளி வைத்துக் கோலம் போட்ட எவருக்கும் அது உடனே விளங்கும்.

இனி, தொடங்குவது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். முதல் தவறு மெல்லிய ஊசியும் மெல்லிய நூலும் வாங்குவது. நாலு அல்லது ஐந்து மில்லிமீற்றர் தடிப்புள்ள ஊசி ஒரு சோடி, அதற்கேற்ற தடித்த நூல், வெளிர்நிறமாக. கறுப்பு நூலில் கண்ணி தெரியாது. பட்டினத்துத் தையல் சாமான் கடைகளில் ஊசி கிடைக்காவிட்டால் மூங்கிற் குச்சி இரண்டைச் சீவி, அரத்தாளால் வழுவழுவென்று தேய்த்துக்கொள்ளுங்கள். பருத்தி நூல் இழுபடாது, அதனால் ஆரம்பத்தில் கை கொஞ்சம் நோகும். கம்பளியோ அக்ரிலிக் நூலோ இழுத்தால் கொடுத்து மீளும், தொடக்கக்காரரின் இறுக்கத்தைப் பொறுத்துக்கொள்ளும். வெக்கைக்குப் பருத்தி, கைக்குக் கம்பளி. எது உங்களுக்கு முக்கியம் என்று நீங்களே பாருங்கள்.

இருபது கண்ணி ஏற்றுங்கள். பிளேன் பின்னலை மட்டும், எல்லா வரிசையிலும், ஒரு சதுரம் வரும்வரை. பேர்ள் என்னும் மற்றப் பின்னலை அடுத்த மாதம் பார்ப்போம். ஒவ்வொரு வரிசை முடிவிலும் எண்ணுங்கள். இருபது இருபத்தொன்றானால் பெரும்பாலும் ஓரத்துக் கண்ணியில் நூல் ஊசிக்கு மேலாகச் சுற்றிப்போய் ஒன்று இரண்டாகத் தெரிந்திருக்கும். பின்னத் தொடங்கும் முன் நூல் முன்பக்கமாகக் கீழே தொங்குகிறதா என்று பார்த்தால் அது வராது. பத்தொன்பதானால் எங்கோ ஒன்று நழுவியிருக்கிறது. குரோசே ஊசி இருந்தால் நழுவிய கண்ணியை ஒவ்வொரு படியாக மேலே ஏற்றிவிடலாம். குரோசே தெரிந்தவர்கள் இங்கே நிறையப் பேர். அவர்கள் நூலை இடது கையிலேயே பிடித்துப் பின்னட்டும். ஐரோப்பாவின் பல நாடுகளில் அப்படித்தான் பின்னுகிறார்கள்.

எல்லாரும் செய்யும் மற்றத் தவறு இறுக்கிப் பிடிப்பது. கண்ணி ஊசியில் ஓடித் திரிய வேண்டும். ஊசி நுழைய மறுத்தால் கை பயந்திருக்கிறது என்று அர்த்தம். தோளைத் தளர்த்தி, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள்.

தொலைபேசியில் காணொளி பார்த்துப் பழகலாம்தான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, கையை நிறுத்தி நிறுத்திப் பார்க்கவும் முடிகிறது. ஆனால் அந்தப் படம் உங்கள் கையைப் பார்க்காது. நூல் எந்த விரலில் இறுகுகிறது, ஊசி எந்தப் பக்கம் சரிகிறது என்று ஒரு பார்வையில் சொல்லப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். பன்னவேலையும் வலையும் அப்படித்தான் கைமாறி வந்தன. அந்த ஆட்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள்: மனையியல் படிப்பித்து ஓய்வுபெற்ற ரீச்சர்மார், பேரப்பிள்ளைகளுக்குத் தொப்பி பின்னிக் கொடுத்த அம்மம்மாமார், அப்பம்மாமார். கேட்க ஆளில்லாததால் பலரின் ஊசிகள் அலுமாரியில் கிடக்கின்றன.

பின்னத் தெரிந்த பெரியவர்களே, இந்த மாதம் ஒருவருக்கு, ஒரேயொரு பிள்ளைக்கு, கண்ணி ஏற்றச் சொல்லிக் கொடுங்கள். பழகத் தொடங்கும் பிள்ளைகளே, உங்கள் முதற் சதுரத்தை, ஓரம் கோணலாக இருந்தாலும், படமெடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். யாரிடம் பழகினீர்கள் என்றும் எழுதுங்கள். தை இதழில் இரண்டு பேரின் பெயரையும் சேர்த்தே பிரசுரிப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்