மழைக்கு முன் ஒரு சாவியைத் தேடுங்கள்

உங்கள் வீட்டு ஆட்டோகேட்டுக்கு ஒரு சாவி உண்டு. அது இப்போது எங்கே இருக்கிறது?

நான் ரிமோட்டைக் கேட்கவில்லை. கரண்ட் இல்லாத நேரத்தில் மோட்டாரின் பிடியைத் தளர்த்தி, கேட்டைக் கையால் தள்ளித் திறக்க வைக்கும் சின்னச் சாவியைக் கேட்கிறேன். கேட் போட்ட அன்று கான்ட்ராக்டர் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். அன்று எந்த டிராயருக்குள் போட்டோமோ, பல வீடுகளில் அது இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது.

மாலை நேர வானொலி நிகழ்ச்சி செய்கிறவர்களுக்கு அக்டோபர் பிறந்துவிட்டாலே தெரிந்துவிடும். சாலை நெரிசலைச் சொல்ல அழைக்கும் நேயர்கள், கூடவே தங்கள் தாமானில் கரண்ட் போனதையும் சொல்வார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் அந்த மாதங்களில் இடியும் மின்னலும் இல்லாத மாலை குறைவு. நவம்பரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை மார்ச் வரை நீடிக்கும். கிளந்தான், திரங்கானு, பகாங் பக்கம் அதன் வேகம் இன்னும் அதிகம். தமிழ்நாட்டில் ‘ஐப்பசியில் அடைமழை’ என்று சொல்ல வைக்கும் அதே காற்றுதான் இங்கேயும் மழையைக் கொண்டுவருகிறது.

இந்தச் சமயத்தில்தான் தீபாவளிக்காகக் கேட்டுக்கு புதுச் சாயம் அடிக்கிறோம். சாயம் அடிக்கிற கையோடு, கேட்டின் உள்ளே இருப்பதையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்பதுதான் இந்த வாரம் நான் சொல்ல வந்தது.

2021 டிசம்பர் 18-ஆம் தேதியை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் புகுந்து, மக்கள் மேல்மாடியிலும் கூரையிலும் உதவிக்குக் காத்திருந்தார்கள். வீட்டுக்குள் தண்ணீர் வரத் தொடங்கினால் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். அணைத்த நொடியிலிருந்து உங்கள் ஆட்டோகேட், உள்ளே இருக்கும் பேட்டரியை நம்பித்தான் நிற்கிறது. அந்த பேட்டரி செத்திருந்தால், காரும் குடும்பமும் பூட்டிய கேட்டுக்குப் பின்னால். தீப்பிடித்தாலும் இதே கதைதான். கிரில் சாவியைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்திருப்பதன் காரணம் நமக்குத் தெரியும். கேட்டின் சாவிக்கும் அதே காரணம்தான்.

முதலில் பேட்டரியைச் சோதியுங்கள். வீட்டுக்குள் ஆட்டோகேட்டுக்கென்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதை அணைத்துவிட்டு ரிமோட்டை அழுத்துங்கள். கேட் இரண்டு மூன்று முறை வழக்கமான வேகத்தில் திறந்து மூடினால் பேட்டரி நன்றாக இருக்கிறது. பாதியில் நின்றாலோ, முனகிக்கொண்டு நகர்ந்தாலோ மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது. நம் ஊர் வெயிலில் இந்த பேட்டரிகள் இரண்டு மூன்று ஆண்டுகள் உழைத்தாலே பெரிது. குடும்பத்தோடு ஒருநாள் வெளியே சாப்பிடும் செலவுக்குள் புதியதை வாங்கிவிடலாம்.

அடுத்து அந்தச் சாவி. மோட்டாரின் மேலோ பக்கத்திலோ ஒரு சின்ன மூடி இருக்கும், அதற்குள் சாவித்துளை. சாவியைத் திருப்பி, சில மாடல்களில் ஒரு பிடியையும் இழுத்தால் மோட்டார் விலகிக்கொள்ளும். தரைக்கடியில் மோட்டார் வைத்த கேட் என்றால், கேட்டின் அடியில், அது சுழலும் மூலையில் துளை இருக்கும். துரு ஏறியோ மண் அடைத்தோ சாவி திரும்பாமல் போகலாம். அது இருட்டில், மழையில் நனைந்துகொண்டிருக்கும்போது தெரிய வேண்டிய செய்தி இல்லை.

வெளியிலிருந்து யோசித்தும் பாருங்கள். பெரும்பாலான கேட்டுகளில் இந்தத் துளை உள்பக்கம்தான் இருக்கும். வேலை முடிந்து வரும்போது கரண்ட் இல்லை, பேட்டரியும் இல்லை என்றால் எப்படி உள்ளே போவீர்கள்? பக்கவாட்டில் சின்னக் கேட் இருந்தால் அதன் சாவி கார் சாவிக் கொத்திலேயே இருக்கட்டும். இல்லையென்றால், வெளியிலிருந்து திறக்க வழி செய்ய முடியுமா என்று ஆட்டோகேட் பழுதுபார்ப்பவரிடம் கேளுங்கள்.

மோட்டார் விலகிய நிலையில் கேட்டைத் தள்ளிப் பாருங்கள். ஒரு கையால் சுலபமாக நகர வேண்டும். நகரவில்லை என்றால், இத்தனை நாளும் மோட்டார் திணறித்திணறித்தான் அதைத் தள்ளியிருக்கிறது. கீல்களில் துரு இருக்கும். தேய்த்து எடுத்துவிட்டு கிரீஸ் போடுங்கள். துருவை இளக்கும் ஸ்பிரே மட்டும் போதாது, நாலு மழையில் கழுவிக்கொண்டு போய்விடும். பக்கவாட்டில் ஓடும் கேட் என்றால் தரைத் தண்டவாளத்தில் சேர்ந்த மணலையும் இலையையும் கூட்டித் தள்ளுங்கள். அந்தத் தண்டவாளத்தில் கிரீஸ் வேண்டாம். இன்னும் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டு கதவாகத் திறக்கும் கேட்டைப் பாதியில் நிறுத்திக் கையை எடுங்கள். அது தானாக ஒரு பக்கம் நகர்ந்தால் தூண் சாய்ந்திருக்கலாம், கீல் தொய்ந்திருக்கலாம். மழையில் மண் இளகினால் சாய்வு இன்னும் கூடும்.

இந்த இடத்தில் பலரும் ஒரு குறுக்குவழி தேடுகிறார்கள். கேட் திணறுகிறது என்றதும், “அண்ணே, பவரைக் கொஞ்சம் கூட்டி விட்டுடுங்க” என்று பழுதுபார்ப்பவரிடம் சொல்கிறோம். அவரும் கன்ட்ரோல் போர்டில் ஒரு திருகைத் திருப்புவார், கேட் ஓடும். ஆனால் அந்தத் திருகுதான், குறுக்கே ஏதாவது வந்தால் மோட்டார் எப்போது நிற்க வேண்டும் என்பதையும் தீர்மானிக்கிறது. விசையைக் கூட்டிவிட்டால், துருவைத் தள்ளிக்கொண்டு போகிற கேட் ஒரு குழந்தையையும் அப்படியே தள்ளிக்கொண்டு போகும். துருவை எடுப்பதுதான் சரியான வைத்தியம். அதன் பிறகு, மூடுகிற கேட்டின் வழியில் ஓர் அட்டைப் பெட்டியை வைத்துப் பாருங்கள். பெட்டியை நசுக்காமல் கேட் நிற்க வேண்டும், அல்லது திரும்ப வேண்டும். இல்லையென்றால் உடனே ஆளைக் கூப்பிடுங்கள். சென்சார் இருந்தால் அதன் கண்ணாடியில் படிந்த தூசியையும் சிலந்தி வலையையும் துடைத்துவிடுங்கள்.

தண்ணீரும் பல்லியும்தான் கேட்டின் மற்ற இரண்டு எதிரிகள். தரைக்கடி மோட்டார் உட்கார்ந்திருக்கும் குழியில் தண்ணீர் வெளியேற ஒரு குழாய் இருக்கும். அது அடைத்திருந்தால் மோட்டார் தண்ணீரில் மூழ்கும். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, அது வடிகிறதா என்று பாருங்கள். கன்ட்ரோல் பெட்டிக்குள் கதகதப்பைத் தேடி நுழையும் பல்லியும் எறும்பும் போர்டையே கருக்கிவிடும். அந்துருண்டை போடுகிறவர்கள் உண்டு. ஒயர் நுழையும் ஓட்டையை சிலிக்கோன் வைத்து அடைப்பதே நிலையான வழி. பெட்டியைத் திறக்கும் முன் சுவிட்சை அணைப்பதோடு பேட்டரி ஒயரையும் கழற்றச் சொல்லுங்கள். ஒயர் வேலை தெரியாதவர்கள் அதில் கை வைக்க வேண்டாம்.

உலகத்தில் மின்னல் அதிகம் விழும் பகுதிகளில் நம்முடையதும் ஒன்று. ஒரே மின்னலில் போர்டு போன வீடுகள் எல்லாத் தாமானிலும் உண்டு. மின்னழுத்தப் பாய்ச்சலைத் தாங்கும் ஒரு பாதுகாப்புக் கருவியை எலெக்ட்ரிஷியனிடம் சொல்லிப் பொருத்திக்கொள்ளலாம். வானம் கறுக்கும்போது சுவிட்சை அணைப்பதும் நல்லதுதான், ஆனால் மழை விட்டதும் மறக்காமல் போட்டுவிடுங்கள். அணைத்தே விட்டுவிட்டால் கேட் பேட்டரியைத் தின்று தீர்த்துவிடும். அடுத்த முறை கரண்ட் போகும்போது கைகொடுக்க அதில் ஒன்றும் மிஞ்சியிருக்காது. மின்னல் வெட்டும்போது இரும்புக் கேட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கவும் வேண்டாம்.

இத்தனையும் தெரிந்தவர் வீட்டில் ஒருவர் மட்டும் என்றால் பயனில்லை. மழை வலுக்கும் பிற்பகலில் நீங்கள் அலுவலகத்தில் இருப்பீர்கள், பிள்ளைகள் டியூஷனில். வீட்டில் இருப்பவர்கள் பாட்டியும் தாத்தாவும்தான். அவர்களுக்கு ரிமோட்டில் எந்தப் பொத்தான் என்று காட்டியிருப்போம். சாவியைக் காட்டியிருக்கிறோமா? அவர்கள் கைக்கு அது திரும்புமா? குனிய முடியாதவருக்குத் தரைக்கடி மோட்டாரின் துளை எட்டுமா? எட்டாது என்றால் கூப்பிட்டவுடன் ஓடிவரக்கூடிய பக்கத்து வீட்டுக்காரருக்கு அதைக் காட்டி வையுங்கள்.

இன்று ஞாயிறு. பேட்டரி, கிரீஸ் எல்லாம் நாளைக்குப் பார்க்கலாம். மாலை மழை வருவதற்குள் அந்தச் சாவியைத் தேடி எடுத்து, வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் ஒருமுறை கேட்டைக் கையால் திறக்கச் சொல்லுங்கள். பிறகு கிரில் சாவி தொங்கும் ஆணியிலேயே அதையும் மாட்டிவிடுங்கள். அடுத்த வாரம் சந்திப்போம்.