கலப்பு எஞ்சினுக்கும் ஒரு சான்று வேண்டும்

எஞ்சின் பிளாக் டொல்பின் வேனுடையது. டர்போவும் அதைத் தாங்கும் மெனிபோல்டும் ஹைலக்ஸ் சேர்ஃப் ஒன்றிலிருந்து கழற்றியவை. இன்டர்கூலர் பஜிரோ ஜீப்பினுடையது. இரண்டையும் இணைக்கும் குழாயில் பாதி லொறியின் ரேடியேட்டர் ஹோஸ், மீதி பட்டறையில் வளைத்து ஒட்டிய இரும்பு. மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை ஏ4 வீதியோரக் கராஜ்களில் இப்படி ஓர் எஞ்சினைப் பற்றிப் பேசினால் யாரும் புருவத்தை உயர்த்த மாட்டார்கள். “பம்ப் எதுட? ஹெட் எதுட?” என்றுதான் கேட்பார்கள்.

அரசாங்கத்தின் கேள்வி வேறு. பதிவுச் சான்றிதழில் இருக்கும் எஞ்சின் இலக்கமும் வண்டியில் இருக்கும் இலக்கமும் ஒன்றா? ஒன்றென்றால் எல்லாம் சரி. அந்த இலக்கம் பொறித்த இரும்புக்குள் எந்த பிஸ்டன் இருக்கிறது, யார் அளந்து பூட்டினார்கள், எவ்வளவு அழுத்தத்தில் டர்போ ஊதுகிறது என்பதை எந்தக் காகிதமும் கேட்பதில்லை. நல்ல வேலைக்காரனின் எஞ்சினும் அரைகுறை வேலைக்காரனின் எஞ்சினும் சட்டத்தின் முன் ஒரே மாதிரிக் கண்ணுக்குத் தெரியாதவை. கலப்பு எஞ்சினைத் தடை செய்யவும் வேண்டாம், கண்டும் காணாமல் விடவும் வேண்டாம். அளந்து, எழுதி, கையொப்பமிட்டு ஏற்றுக்கொள்ள ஒரு வழி வேண்டும்.

இந்தக் கலை பொழுதுபோக்காக வளர்ந்ததில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்குக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள். அதற்குள் 2022இன் பொருளாதார வீழ்ச்சியும், எரிபொருள் வரிசைகளும், பங்கீட்டுக் கியூஆர் அட்டையும் வந்துபோயின. பழைய வேனின் விலை புது வேனின் விலையை எட்டிப் பிடித்தது. எஞ்சின் போனால் வண்டியை மாற்றலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஜப்பானிலிருந்து வந்து குவிந்த பழைய உதிரிப்பாகங்களில் எது கிடைக்கிறதோ, அதை எது இருக்கிறதோ அதற்குப் பொருத்துவதே வழியாயிற்று.

பற்றாக்குறை எஞ்சின் வித்தை கற்றுத்தருவது இந்த நாட்டுத் தமிழருக்குப் புதிதுமல்ல. 1990களில் பொருளாதாரத் தடைக்குள் கிடந்த யாழ்ப்பாணத்தில் பெற்றோல் தங்கமாக இருந்தபோது 1950களின் ஒஸ்ரினும் மொரிஸும் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சம் பெற்றோல் ஊற்றி எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அது அதிர்ஷ்டத்தில் நடந்த வேலை இல்லை. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது, அதனால்தான் தொடக்கத்துக்குப் பெற்றோல். அழுத்தம் கூடினால் அது உரிய நேரத்துக்கு முன்பே வெடித்துத் தட்டும். அந்தப் பழைய கார்களின் அமுக்க விகிதம் 7க்கு 1, 8க்கு 1 என்ற அளவில் தாழ்ந்திருந்ததால் தாங்கின. 9, 10 என்று உயர்ந்த புதுக் கார்கள் அதே எண்ணெயில் தட்டத் தொடங்கும். பழைய காரைத் தேடி எடுத்தவர்களுக்கு இந்த எண் தெரிந்திருந்ததோ இல்லையோ, அதன் விளைவு தெரிந்திருந்தது.

டர்போ விடயத்திலும் முதல் கேள்வி இதே அமுக்க விகிதம்தான். நம் வீதிகளில் நிறைந்த டொயோட்டா எல் வகை டீசல் எஞ்சின்களை எடுத்துக்கொள்ளலாம். 2எல் எஞ்சின் 2,446 சிசி. சிலிண்டர் விட்டம் 92 மில்லிமீற்றர். 3எல் 2,779 சிசி, விட்டம் 96. டர்போவோடு தொழிற்சாலையிலிருந்து வந்தது 2எல்-டீ. ஒரே குடும்பம் என்பதால் 2எல்-டீயின் மெனிபோல்டையும் அதன் சிடி20 டர்போவையும் 3எல் எஞ்சினில் ஏற்ற முடிகிறது. போல்ட் துளை பொருந்துவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. டர்போ இல்லாத 3எல்லின் அமுக்க விகிதம் ஏறத்தாழ 22க்கு 1. 2எல்-டீக்கு டொயோட்டா வைத்தது 20க்கு 1. அந்த இரண்டு புள்ளியை ஜப்பானியப் பொறியியலாளர்கள் சும்மா குறைக்கவில்லை. டர்போ உள்ளே தள்ளும் கூடுதல் காற்றுக்கு இடமும், கூடுதல் வெப்பத்துக்குத் தாங்குசக்தியும் வேண்டியிருந்தது. அப்படிக் குறைத்தும் 2எல்-டீயின் ஹெட் வெடிக்கும் கதையை அறியாத மெக்கானிக் இல்லை.

அடுத்தது பம்ப். டர்போ எஞ்சினின் டீசல் பம்பில், காற்றழுத்தம் ஏற ஏற டீசலையும் கூட்டிவிடும் ஒரு டயஃப்ரம் உண்டு. சாதாரண 3எல் பம்பில் அது கிடையாது. பம்பை மாற்றாமல் டர்போவை மட்டும் பூட்டிவிட்டு, ஸ்குரூவைத் திருப்பி டீசலைக் கூட்டுவது குறுக்குவழி. டர்போ இன்னும் ஊதத் தொடங்காத குறைந்த வேகத்தில் எரிக்கக் காற்று இல்லாமல் டீசல் கருகும். வண்டி கரும்புகை கக்கும். மேட்டில் பாரத்தோடு மிதித்தால் புகைபோக்கிச் சூடு எகிறும், பிஸ்டனின் தலை உருகும். பெற்றோல் எஞ்சினில் எரிபொருள் குறைந்தால்தான் ஆபத்து, டீசலில் கூடினால் ஆபத்து. ஒன்றில் கற்றதை மற்றதில் அப்படியே செய்து எஞ்சினைப் பறிகொடுத்தவர்கள் உண்டு.

இன்டர்கூலர் அழகுக்கு வைத்தது என்று நினைப்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்கலாம். கல்முனையின் பகல் வெயிலில் 35 பாகையில் இருக்கும் காற்றை டர்போ அரை பார் கூடுதல் அழுத்தத்துக்கு அமுக்கும்போது அதன் சூடு 90 பாகையைத் தொடும். சூடான காற்று விரியும். ஆகவே ஒன்றரை மடங்கு அழுத்தம் கொடுத்தும் உள்ளே போகும் காற்றின் எடை கால் பங்கு அளவே கூடுகிறது. இழந்த மீதியில் பெரும்பகுதியை மீட்டுத் தருவது அந்த பஜிரோ இன்டர்கூலர். ஆனால் அதை ரேடியேட்டருக்கு முன்னால் இடமில்லாமல் ஒடுக்கிப் பூட்டினால் ரேடியேட்டருக்குக் காற்று குறைந்து எஞ்சினே சூடேறும். ஒரு பாகம் தரும் நன்மையை இன்னொரு பாகத்தின் இடம் தின்றுவிடும். பொருந்தாத உறுப்புகளால் கட்டும் எஞ்சினில் உண்மையான சிக்கல் இதுதான்: ஒவ்வொன்றும் தனியே நல்லது, சேரும்போது கணக்கு வேறு.

பிறகு எண்ணெய். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேல் சுழல்வது. அதைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம். எண்ணெய் உள்ளே போக மெல்லிய குழாய் போதும். வெளியே வரும் குழாய் தடித்ததாகவும், தடையில்லாமல் கீழ்நோக்கியும் இறங்க வேண்டும். திரும்பும் எண்ணெயைத் தள்ள அங்கே அழுத்தம் இல்லை, அதன் எடை மட்டுமே இழுக்கிறது. இடம் போதவில்லை என்று அந்தக் குழாயை மேலே வளைத்து விட்டால் எண்ணெய் தேங்கி சீலைத் தாண்டிக் கசியும். புகை நீலமாக வரும். வாங்கிய டர்போ சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவார்கள். குற்றம் ஒரு வளைவில் இருக்கும்.

இதையெல்லாம் அறிந்து செய்பவனைக் கைவினைஞன் என்று மட்டும் சொல்வது அவனுக்குச் செய்யும் அநியாயம்.

உலகம் இதைக் குறைந்த வேலையாகப் பார்த்ததில்லை. 1983இல் நெல்சன் பிக்கே போர்முலா 1 பட்டத்தை வென்ற பிரபாம் காரில் இருந்தது பிஎம்டபிள்யூவின் ஒன்றரை லீற்றர் டர்போ எஞ்சின். அதன் பிளாக், 1960களிலிருந்து அந்நிறுவனத்தின் சாதாரண வீதிக் கார்களில் ஓடிய அதே வார்ப்பை அடிப்படையாகக் கொண்டது. ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் ஓடிப் பழகிய பழைய பிளாக்குகளையும் அதற்குப் பயன்படுத்தினார்கள். பலமுறை சூடாகி ஆறிய இரும்பில் வார்ப்பின் உள்இறுக்கம் தளர்ந்துவிடும் என்பது அவர்கள் கண்ட காரணம். அந்தக் குடும்பத்து எஞ்சின்கள் பின்னர் தகுதிச் சுற்றில் 1,000 குதிரை வலுவைத் தாண்டின.

இன்னும் நெருங்கிய உதாரணம் அவுஸ்திரேலியாவில் இருக்கிறது. 1986இல் வந்த ஹோல்டன் கொமடோர் விஎல் காரில் நிசானின் 3 லீற்றர் ஆர்பி30 எஞ்சின் இருந்தது. பிளாக் பெரியது, ஹெட் சாதாரணமானது. நிசானின் ஸ்கைலைன் கார்களின் ஆர்பி25, ஆர்பி26 எஞ்சின்களில் பிளாக் சிறியது, ஹெட் இரட்டை கேம் உள்ள உயர்தரமானது. அந்த நாட்டுக் கராஜ்காரர்கள் ஒன்றின் பிளாக்கில் மற்றதன் ஹெட்டை ஏற்றினார்கள். டைமிங் பெல்ட் நீளம் போதவில்லை. நீண்ட பெல்ட் தேடி, டென்ஷனரை இடம் மாற்றினார்கள். ஹெட்டுக்கு எண்ணெய் போகும் வழி பொருந்தவில்லை. அடைக்க வேண்டியதை அடைத்து, வெளியே குழாய் இட்டார்கள். நிசான் இப்படியொரு எஞ்சினை விற்றதே இல்லை. ஆனாலும் உலகெங்கும் அறிந்த எஞ்சின் அது.

அங்கே அந்த எஞ்சினை வீதியில் ஓட்ட வழி உண்டு. இலகு வாகனங்களை மாற்றியமைப்பதற்கென்று நாடு தழுவிய விதிநூல் இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற பொறியியலாளர் வண்டியைப் பார்த்து, பிரேக் போதுமா, புகை எல்லைக்குள்ளா, எரிபொருள் குழாய்கள் பத்திரமா என்று சோதித்துச் சான்றிதழ் தருவார். அந்தக் காகிதத்தோடு எஞ்சின் சட்டத்துக்குள் வந்துவிடுகிறது. காப்புறுதி நிறுவனத்துக்கும் சொல்ல ஒரு பதில் இருக்கிறது.

இலங்கையில் நம் பக்கம் 1951ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துச் சட்டம் இருக்கிறது. 2008 முதல் ஆண்டுதோறும் புகைப் பரிசோதனையும் இருக்கிறது. எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவைத் திருத்த வேண்டும். அதே பிளாக்கில் டர்போ ஏற்றினால்? பம்பை மாற்றினால்? இலக்கம் மாறவில்லை, எனவே கேள்வியும் இல்லை. புகைப் பரிசோதனைக்கு முதல்நாள் ஸ்குரூவைத் திருப்பி டீசலைக் குறைத்துக்கொண்டு போய், மறுநாள் பழையபடி திருப்பிவிடலாம் என்பது கராஜ் வாசலில் நிற்கும் சிறுவனுக்கும் தெரிந்த சூத்திரம். இப்படியொரு முறை நேர்மையான மெக்கானிக்கைத்தான் தண்டிக்கிறது. சரியாக அளந்து, சரியான பம்ப் பூட்டி, கூடுதல் கூலி கேட்பவரிடம் வாடிக்கையாளர் கேட்பது ஒன்றே: “பக்கத்துக் கராஜ்ல பாதிக் காசுக்குச் செய்றாங்களே காக்கா?” இரண்டு வேலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்ட அவர் கையில் எந்தத் தாளும் இல்லை.

மறுதரப்பு வாதத்தில் நியாயம் உண்டு. வலு கூடிய வேனின் பிரேக் பழையதாகவே இருக்கிறது. அதில் பாடசாலைப் பிள்ளைகள் போகிறார்கள். கடற்கரையோர வீடுகளுக்கும் கடைகளுக்கும் நடுவே ஓடும் வீதியில் கரும்புகையை மூச்சிழுப்பவர்கள் யாரும் டர்போ கேட்கவில்லை. சிலர் வேகப் பைத்தியத்தில்தான் இதைச் செய்கிறார்கள். ஆனால் இந்தக் குறைகள் ஒவ்வொன்றும் பரிசோதனைக்கு வாதாடுகின்றனவே தவிர, தடைக்கு அல்ல. தடை செய்த வேலை நின்றுவிடுவதில்லை, இரவுக்கு மாறும்.

அவசரத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நாட்டின் வரி முறை கார்களின் மீதான உற்பத்தி வரியை சிசி கணக்கில் படிப்படியாக ஏற்றுகிறது. சிசி கூடினால் வரி கூடும். அதனால் சிறிய எஞ்சினில் டர்போ வைத்து வலுவை எடுக்கும் கார்களின் பக்கம் வாங்குவோர் சாய்கிறார்கள். இறக்குமதி திறந்த பின் வரும் டொயோட்டா ரைஸ் போன்றவற்றின் டர்போ வகைகளில் ஒரு லீற்றர் மூன்று சிலிண்டர் எஞ்சின் இருக்கிறது. இவற்றின் உத்தரவாதக் காலம் முடிந்து, எண்ணெய் மாற்றத்தை ஒத்திப்போட்டு ஓட்டிய பிறகு, டர்போக்கள் கராஜ் வாசலுக்கு வரும். கொழும்பு முகவர் நிறுவனம் முழுப் பாகத்தையும் மாற்றச் சொல்லும். அந்த விலை கொடுக்க முடியாத கல்முனைக்காரர், டர்போவின் எண்ணெய்க் குழாய் எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்று கைப்பழக்கத்தில் அறிந்த மனிதரைத் தேடுவார். அந்த அறிவு இன்று கலப்பு எஞ்சின் கட்டுபவர்களிடம்தான் இருக்கிறது.

அதை அங்கீகரிக்கும் கருவிகள் ஏற்கெனவே பக்கத்தில் உண்டு. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. அம்பாறையில் ஹார்டி தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. வகுப்பறை காணாமல் தொழில் கற்றவர்களை அவர்களின் செய்திறனைச் சோதித்தே தேசிய தொழில் தகைமைக்குள் எடுக்கும் முன்கற்றல் அங்கீகார முறையும் நடைமுறையில் இருக்கிறது. பொதுவான மோட்டார் மெக்கானிக் தகைமையோடு நில்லாமல், டர்போவும் எஞ்சின் மறுகட்டுமானமும் அதில் தனி அலகாக வர வேண்டும். தனியொரு கராஜால் வாங்க முடியாத சிலிண்டர் அளவுகருவியையும், புகைபோக்கிச் சூட்டுமானியையும், அழுத்தப் பரிசோதனை மேடையையும் இந்த நிறுவனங்களில் ஒன்று வாரத்தில் ஒருநாள் வாடகைக்குத் திறந்துவிடலாம். மாணவர்கள் பக்கத்தில் நின்று பார்த்தால் அவர்களுக்கும் பாடம்.

மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் தொடங்க வேண்டியது பெரிய சட்டத் திருத்தத்தோடு அல்ல, ஒரு பக்கப் படிவத்தோடு. பிளாக், ஹெட், பம்ப், டர்போ எந்த எஞ்சினிலிருந்து வந்தவை. சிலிண்டரும் கிராங்கும் எவ்வளவு கடையப்பட்டவை. அமுக்க விகிதம் எவ்வளவு. உச்சக் காற்றழுத்தம் எவ்வளவு. பாரத்தில் புகைபோக்கிச் சூடு எவ்வளவு. பிரேக் சோதனையின் முடிவு என்ன. கீழே தகைமை பெற்ற மெக்கானிக்கின் கையொப்பமும், பரிசோதித்த பொறியியலாளரின் கையொப்பமும். ஒரு பிரதி பதிவுச் சான்றிதழோடு இருக்கட்டும், ஒரு பிரதி கராஜில் இருக்கட்டும். அடுத்த ஆண்டு புகைப் பரிசோதனைக்கு வரும்போது அந்தத் தாளில் இருக்கும் பம்பும் வண்டியில் இருக்கும் பம்பும் ஒன்றா என்று பார்த்தால் போதும். அம்பாறை மாவட்டத்தில் முதலில் வாடகை வேன்களுக்கும் லொறிகளுக்கும் மட்டும் இதைச் சோதனையாக நடத்திப் பார்க்கலாம். சான்றுக்கான கட்டணத்தை, பரிசோதிக்கும் நிறுவனமும் திணைக்களமும் பங்கிட்டுக் கொள்ளலாம்.