தோற்ற பையனைக் கூப்பிட்டவர்

1951 ஜனவரி 17. நியூயார்க்கின் புரூக்ளினில், கிராண்ட் ஆர்மி பிளாசா நூலகம். மாக்ஸ் பேவி என்ற பலமான ஆட்டக்காரர், ஸ்காட்லாந்து சாம்பியன் பட்டம் வென்றவர், ஒரே நேரத்தில் பலரோடு செஸ் ஆடிக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் ஏழு வயதுப் பையன் ஒருவன். கால் மணி நேரம்போல் தாக்குப்பிடித்தான். ராணியைப் பறிகொடுத்தான், தோற்றான், அழுதான்.

அவன் அங்கே வந்து சேர்ந்த கதையே வேடிக்கையானது. மகனோடு ஆடக் குழந்தைகள் யாராவது உண்டா என்று கேட்டு அவன் அம்மா 'புரூக்ளின் ஈகிள்' பத்திரிகைக்கு ஒரு தபால் அட்டை அனுப்பியிருந்தார். அதை விளம்பரத்தில் எந்தத் தலைப்பின்கீழ் போடுவது என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. செஸ் பத்தி எழுதிவந்த ஹெர்மன் ஹெல்ம்ஸிடம் தள்ளிவிட்டார்கள். எண்பதைத் தாண்டிய அந்த மனிதர்தான், பையனை நூலகத்துக்கு அழைத்துவரச் சொல்லிப் பதில் எழுதினார்.

நூலகத்தில் வேடிக்கை பார்த்த கூட்டத்தில் கார்மைன் நிக்ரோ நின்றிருந்தார். புரூக்ளின் செஸ் கிளப்பின் தலைவர். பையனின் பெயர் பாபி ஃபிஷர் என்பது அன்று யாருக்கும் பொருட்டில்லை. தோற்று எழுந்தவனை நிக்ரோ கிளப்புக்கு வரச் சொன்னார். எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் இதுதான். ஜெயித்தவனைக் கூப்பிட ஊரே வரும்.

கிளப் தலைவர் என்றதும் மாலையும் மேடையும் நினைவுக்கு வரவேண்டாம். சின்ன செஸ் கிளப்புகளில் தலைவர், செயலாளர் என்பதெல்லாம் பெரும்பாலும் கதவுச் சாவி வைத்திருப்பவருக்கு நாம் கொடுக்கும் மரியாதை. பலகை விரிப்பதும், ஆட்டம் முடிந்ததும் காய்களை எண்ணி டப்பாவில் போடுவதும், ஒரு கறுப்புச் சிப்பாய் காணோம் என்று மேஜைக்கடியில் தவழ்வதும் அவர் வேலை. சந்தா பாக்கியைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் கெட்ட பெயர் தனி.

நிக்ரோ பெரிய ஆட்டக்காரர் அல்ல. மாஸ்டர் நிலைக்குச் சற்றுக் கீழே நின்றவர். பிழைப்புக்கு இசை. பாபிக்குத் தன் வீட்டில் பாடம் சொல்லிக் கொடுத்தார். தன் மகனுக்கும் சேர்த்துத்தான். ஆனால் மகனுக்கு அப்பாவிடம் படிப்பது கசந்தது. எந்த வீட்டில்தான் கசக்கவில்லை? பாபிக்கு ஓர் அக்கார்டியன் கொடுத்து வாசிக்கவும் கற்றுக்கொடுத்தார். பையன் கொஞ்ச நாள் வாசித்தான், செஸ்ஸுக்கு நேரம் போதவில்லை என்று விட்டுவிட்டான். இசைக்கு அது நஷ்டமா என்று சொல்லும் அளவுக்கு எனக்குக் கேள்வி ஞானம் இல்லை.

1952-ல் பாபி ஆடிய முதல் போட்டியும் நிக்ரோ வீட்டில்தான். 1955-ல் அமெரிக்க அமெச்சூர் போட்டிக்கு அழைத்துப்போனார். அங்கே போனதும் பையனுக்குத் தயக்கம், வேடிக்கை மட்டும் பார்க்கிறேன் என்றான். நிக்ரோ பேசிப் பேசி உட்கார வைத்தார். பையன் ஜெயித்ததைவிடத் தோற்றதுதான் அதிகம்.

வாஷிங்டன் சதுக்கப் பூங்காவின் கல் மேஜைகளுக்கும் அவனைக் கூட்டிப்போனார். மந்தமாக யோசிக்கும் பையனை, வேகமாக ஆடும் அந்தக் கூட்டம் உசுப்பிவிடும் என்பது அவர் கணக்கு. அங்கே நடந்ததாக ஃபிஷரின் வாழ்க்கையை எழுதிய ஃபிராங்க் பிராடி ஒன்று சொல்கிறார். ஆட்டத்தில் மூழ்கிக் கிடந்த பையனுக்கு நிக்ரோ போய் ஹாம்பர்கரும் மில்க் ஷேக்கும் வாங்கிவந்தார். பலகையிலிருந்து கண் எடுக்காமலேயே பையன் எல்லாவற்றையும் தின்றுமுடித்தான். கொஞ்ச நேரம் கழித்து, சாப்பாடு எப்போது வரும் என்று அவரிடமே கேட்டான்.

நன்றி எதிர்பார்க்கிறவர்களுக்கு இந்த வேலை ஒத்துவராது.

1956-ல் நிக்ரோ ஃபுளோரிடாவுக்குக் குடிபெயர்ந்தார். அதே ஆண்டு பாபி ஜாக் காலின்ஸின் வீட்டுக்குப் போகத் தொடங்கினான். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தன் வீட்டையே கிளப்பாக நடத்தியவர் காலின்ஸ். பிற்பாடு தன் மாணவர்களைப் பற்றிப் புத்தகமும் எழுதினார், பெயரும் பெற்றார். அவருக்கு அது தகும். ஆனால் ஐந்து வருடம் வீட்டுக்கதவைத் திறந்துவைத்த நிக்ரோவை, புத்தகங்கள் சில பக்கங்களில் தாண்டிப்போகின்றன. 1958 தொடக்கத்தில் பாபி அமெரிக்க சாம்பியன் ஆனபோது வயது பதினான்கு. 1972-ல் ரெய்க்யவிக்கில் உலகப் பட்டம்.

நம் சென்னையிலும் இந்தக் கதைக்கு ஒரு பங்காளி உண்டு. சோவியத் கலாசார மையத்தில் நடந்த டால் செஸ் கிளப். அதைக் கட்டி வளர்த்தவர் மானுவேல் ஆரோன், இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர். சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் மின்னல்வேக ஆட்டம் ஆடித் தேறியது அங்கேதான். ஆரோனாவது ஒன்பது முறை தேசிய சாம்பியன், அவர் பெயரைத் தேடிப் பிடிக்கவேண்டியதில்லை. நிக்ரோவுக்கு அப்படி ஒரு பட்டமும் கிடையாது.

நிக்ரோ 2001-ல் தொண்ணூற்றொன்றாம் வயதில் காலமானார். 1959-ல் வெளிவந்த தன் முதல் புத்தகத்தில் ஃபிஷர் அவரை நினைத்து எழுதியிருக்கிறார். உலகின் சிறந்த ஆட்டக்காரர் என்று சொல்லமுடியாது, ஆனால் மிக நல்ல ஆசிரியர், அவரைச் சந்திக்காவிட்டால் செஸ்ஸில் தொடர்ந்திருப்பேனோ என்னவோ என்ற பொருளில். பதினாறு வயதுப் பையனின் பாராட்டிலும் ஒரு குத்தல் இருக்கிறது பாருங்கள். பின்னாளில் நண்பர்கள், எதிரிகள், சொந்த நாடு என்று ஃபிஷர் தூற்றாத ஆள் குறைவு. நிக்ரோவைத் தூற்றியதாக நான் இதுவரை எங்கும் படிக்கவில்லை.