தலைமை கோருவோரிடம் இரண்டு கேள்விகள்

சமூக சேவைப் போதனைச் சங்கங்களின் தலைமை ஸ்தானத்திற்கு நிற்கும் அபேக்ஷகர்கள், தங்கள் பட்டங்களையும் பதவிகளையும் அடுக்கி வோட்டுக் கேட்கின்றனர். அது மட்டும் போதாதென்பது நமது அபிப்பிராயம்.

1928-ல் பாரிஸ் மகாநாட்டில் முளைத்த சர்வதேச சமூக சேவைப் பள்ளிகளின் சங்கத்திற்கு முதல் அக்கிராசனராயிருந்த ஆலிஸ் ஸாலமன் அம்மையாரை, 1937-ல் நாஜி சர்க்கார் தேசப் பிரஷ்டம் செய்தது. அத்தகைய தியாகத்தால் மதிப்புப் பெற்றது அவ்வாசனம். 1936-ல் பம்பாயில் ஆரம்பித்து டாடா கழகமாக வளர்ந்த பள்ளியின் பேராசிரியை விமலா நாட்கர்ணி, 2012 முதல் 2016 வரை அதனை வகித்தார். பாரதத்திற்கு இது பெருமையே.

ஆயினும் அப்பெருமையின் பயன் அரியாங்குப்பம் வரை எட்டவேண்டாமா? புதுவைப் பல்கலைக் கழகத்திலும் இப்போதனை நடைபெறுகிறது. வீராம்பட்டினத்து மீனவர் வீட்டிற்கு நோட்டுப் புஸ்தகத்துடன் வரும் மாணவன், தமிழில் கேட்ட குறைகளை இங்கிலீஷில் எழுதி எடுத்துப் போய்விட்டால், அவ்வீட்டாருக்கு என்ன லாபம்?

ஆகவே வோட்டளிக்கும் ஆசிரியர்கள் இரண்டே கேள்விகள் கேட்கட்டும்: பாடப் புஸ்தகங்கள் தமிழில் வர முயல்வீரா? ஒரு கிராமத்தில் தொடங்கிய ஊழியம் வருஷந்தோறும் விடாது நடக்க வழி செய்வீரா? இவ்விரண்டிற்கும் வாக்குறுதி தராதவர் எத்தகைய மேதாவியாயினும், அவருக்கு வோட்டளிக்கலாகாதென்று வற்புறுத்துகிறோம்.