ஒரே தரவு, பல விடைகள்

கருந்தோல் கொண்ட கால்பந்து வீரர்களுக்கு நடுவர்கள் கூடுதலாகச் சிவப்பு அட்டை காட்டுகிறார்களா? இந்தக் கேள்வியையும், ஐரோப்பாவின் நான்கு முன்னணி லீக்குகளில் ஆடிய 2,053 வீரர்களைப் பற்றிய ஒரே தரவையும் 29 ஆய்வுக் குழுக்களிடம் கொடுத்தார்கள். 2018இல் வெளியான முடிவு இது: 20 குழுக்கள் ஆம் என்றன, ஒன்பது குழுக்கள் உறுதியாகச் சொல்ல முடியாது என்றன. சிவப்பு அட்டை பெறும் வாய்ப்பு விகிதம் (1 என்றால் இரு தரப்புக்கும் சமம்) ஒரு குழுவின் கணக்கில் 0.89, இன்னொன்றில் 2.93. அதாவது, பாகுபாடே இல்லை என்பதிலிருந்து ஏறக்குறைய மூன்று மடங்கு என்பது வரை. யாரும் தரவைத் திரிக்கவில்லை. வீரர் ஆடும் இடத்தைக் கணக்கில் சேர்ப்பதா, லீக்கைச் சேர்ப்பதா என்பது போன்ற முடிவுகளில்தான் அவர்கள் பிரிந்தார்கள். ஒவ்வொரு முடிவுக்கும் நியாயம் இருந்தது.

2022இல் வெளியான இன்னொரு ஆய்வு இதைவிடக் கவலை தருகிறது. குடியேற்றம் பெருகினால் சமூகநலத் திட்டங்களுக்கு மக்கள் ஆதரவு குறையுமா என்று 73 குழுக்கள் ஒரே தரவை வைத்துக் கணக்கிட்டன. வந்த முடிவுகளில் சுமார் 58 விழுக்காடு தெளிவான தொடர்பு எதையும் காட்டவில்லை; 25 விழுக்காடு ஆதரவு குறையும் என்றன; 17 விழுக்காடு கூடும் என்றன. ஆய்வாளரின் அனுபவமோ முன்கருத்தோ இந்த வேறுபாட்டைப் பெரிதாக விளக்கவில்லை. ஆகவே, திறமையானவர்கள் செய்தால் சரியாகிவிடும் என்ற பதில் இங்கே செல்லாது. ஆய்வு முடிவோடு அச்சாகும் பிழை வரம்பும் நம்மைக் காப்பாற்றாது. வேறு சிலரைத் தேர்ந்தெடுத்துக் கேட்டிருந்தால் எண் எவ்வளவு மாறியிருக்கும் என்பதைத்தான் அது அளக்கிறது. வேறு ஆய்வாளர் கணக்கிட்டிருந்தால் எவ்வளவு மாறியிருக்கும் என்பதை அது அளப்பதில்லை.

அப்படியானால் எல்லாமே அவரவர் கருத்துதானா என்று கேட்கலாம். இல்லை. சிவப்பு அட்டை ஆய்வில், வெளிர்தோல் வீரர்களே கூடுதலாகத் தண்டிக்கப்படுகிறார்கள் என்று ஒரு குழுகூட உறுதியாகச் சொல்லவில்லை. பல கணக்குகளை அருகருகே வைத்ததால்தான் அது தெரிந்தது. கணக்கிடும் முறையை முன்கூட்டியே பதிவுசெய்தால் போதாதா என்றும் கேட்பார்கள். பிடித்த விடையைப் பின்னால் பொறுக்குவதை அது தடுக்கும், அவசியமான ஏற்பாடுதான். ஆனாலும் பதிவாவது ஒரே ஒரு பாதை. நியாயமான மற்றப் பாதைகளில் என்ன விடை வருகிறது என்பதையும், தரவையும் கணக்கீட்டு நிரலையும் ஆய்விதழ்கள் கேட்டு வாங்கி வெளியிட வேண்டும். அவை இல்லாத ஒற்றை எண்ணை நம்பி எந்த அரசும் ஒரு நலத்திட்டத்தைத் தொடங்கவோ நிறுத்தவோ கூடாது.