வெளிறிய படமும் விறகுப் புகையும்

"செயற்கைக்கோள் படத்தில் சென்னை சிவந்திருக்கிறது, படவேடு பக்கம் வெளிறிக் கிடக்கிறது. ஆகவே ஜவ்வாது மலையடிவாரத்தில் காற்று சுத்தம். தரையில் கருவி வைப்பது வீண்செலவு." வாதம் இதுதான். படம் பொய்யல்ல, படித்த விதம்தான் கோளாறு.

ஒன்று. 2017-இல் ஏவிய சென்டினல்-5பி தந்த அந்தப் படம் காட்டுவது நைட்ரஜன் டை ஆக்சைடை. விறகடுப்பின் நுண்துகளை அல்ல. ஒன்றை அளந்து இன்னொன்றுக்குச் சான்றிதழா?

இரண்டு. அந்தச் செயற்கைக்கோள் நம் தலைக்கு மேல் கடப்பது பிற்பகல் ஒன்றரை மணிவாக்கில். படவேட்டு ரேணுகாம்பாள் கோயில் தெருக்களில் அடுப்பு எரிவது எப்போது? விடியலிலும் அந்தியிலும். குளிர்ந்த காலையில் புகை தரையோடு படியும். மதிய வெயிலில் மேலெழுந்து கலைந்துவிடும். திருடன் போனபின் வந்து "வீடு அமைதி" என்று எழுதிக்கொள்ளும் காவலரை நம்புவீர்களா?

மூன்று. படத்தின் ஒரு கட்டம் சுமார் 5.5-க்கு 3.5 கிலோமீட்டர். மலை, வாழைத்தோப்பு, தெரு எல்லாவற்றுக்கும் ஒரே எண். அதுவும் தரைமுதல் மேல்வரை நிற்கும் காற்றுத்தூணுக்கு, மூக்குக்கு நேரே இருப்பதற்கு அல்ல. மேகம் மூடினால் அதுவும் இல்லை.

2020 ஊரடங்கில் நகரங்களின் காற்று தெளிந்ததை விண்ணிலிருந்துதான் பளிச்சென்று பார்த்தோம், மறுக்கவில்லை. ஆனால் விண்கல அளவை நுண்துகள் கணக்காக மாற்றவே தரைக்கருவி வேண்டும். படவேட்டில் ஒன்றை வையுங்கள், பிறகு பேசுவோம்.