கல்லூரி வாயிலில் நிற்கும் கலைச்சொற்கள்

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவன் ஒருவன் ஓவியமோ, இசையோ, நாடகமோ, வடிவமைப்போ கற்க விரும்புவதாக இற்றைத் தமிழ்நாட்டில் வாய்திறந்தால், வீட்டில் அவனுக்குக் கிடைக்கும் முதல் விடை, 'அது சோறு போடுமா?' என்பதே. அவ்வினாவை எழுப்பும் பெற்றோரைப் பழிப்பதிற் பயனில்லை. பசியறிந்தவர் கேட்கும் வினா அது. ஆயின், அத்தடையைக் கடந்து கலைக்கல்லூரிக்குள் நுழையும் மாணவனுக்காக அங்கு வேறொரு வறுமை காத்து நிற்கின்றது. அது சொல் வறுமை. முன்னதைப் பற்றிப் பேசுவார் பலர். பின்னதைப் பற்றிக் கவலுவார் மிகச் சிலர்.

இந்நான்கு கலைகளும் தமிழர்க்குப் புதியன அல்ல. அவற்றை ஒருங்கே கற்பிக்கும் முறையும் புதியதன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைக் கருத்தூன்றிப் படிப்பார்க்கு இது விளங்கும். மாதவி ஏழாண்டுகள் பயின்று, பன்னிரண்டாம் அகவையில் அரங்கேறினாள். அவளை உருவாக்க ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என அறுவர் அமைந்தனர். அவள் ஆடிய அரங்கோ எண்கோல் நீளமும் எழுகோல் அகலமும் ஒருகோல் உயரமும் உடையது. ஒரு கோல் என்பது இருபத்து நான்கு விரல். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகள் அங்கே இருந்தன. தூண்களின் நிழல் ஆடுகளத்தில் விழாதவாறு விளக்கு வைக்கவும் அவ்வரங்கு அமைத்தோர் அறிந்திருந்தனர். இன்று அரங்க வடிவமைப்பு என்றும் ஒளியமைப்பு என்றும் தனித்தனிப் பாடங்களாக நடத்தப்பெறுவன அங்கே ஆடலோடும் பாடலோடும் சேர்ந்தே எண்ணப்பட்டுள்ளன. மணிமேகலையோ ஓவியக் கல்விக்கு 'ஓவியச் செந்நூல்' என்றொரு நூல் இருந்ததையே சுட்டுகின்றது.

பழம்பெருமை பேசுவோர் மறைக்கும் உண்மையொன்றையும் ஈண்டுக் கூறல் வேண்டும். அக்கல்வி எல்லார்க்கும் உரியதாய் இருக்கவில்லை. மாதவி கணிகையர் குலத்தில் பிறந்தமையாற்றான் அக்கலை அவளுக்கு வாய்த்தது. அக்குலத்தில் பிறந்தமையாற்றான் அவள் துன்புறவும் நேர்ந்தது. சிற்பியின் மகன் சிற்பி, கூத்தனின் மகன் கூத்தன் என்று கலை குலத்தோடு கட்டுண்டு கிடந்தது. இக்கட்டை அறுத்துச் சிற்றூர்ப் பிள்ளைகளுக்கும் பெண்மக்களுக்கும் கதவு திறந்தது கல்லூரியே. ஆகலின் கல்லூரி வேண்டா, பழைய குருகுலமே போதும் என்பார் கூற்று நமக்கு உடன்பாடன்று. கல்லூரி வேண்டும், அது தமிழறிந்த கல்லூரியாக வேண்டும் என்பதே வேட்கை.

சென்னையில் 1850-ஆம் ஆண்டு அலெக்சாண்டர் அண்டர் எனும் மருத்துவர் தொடங்கிய ஓவியப்பள்ளியே இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரியாக வளர்ந்துள்ளது. 1929-இல் தேவிபிரசாத் ராய் சௌத்ரி அதன் தலைமையை ஏற்கும்வரை இந்தியர் எவரும் அப்பொறுப்பில் அமரவில்லை. மாமல்லபுரத்தில் மரபுச் சிற்பமும் கட்டடக்கலையும் கற்பிக்க 1957-இல் ஒரு கல்லூரி தோன்றியது. குடந்தையிலும் கவின்கலைக் கல்லூரி உண்டு. இசைக்கும் கவின்கலைக்குமெனத் தனிப் பல்கலைக்கழகமே 2013-இல் அமைந்தது. கட்டடங்கட்குக் குறைவில்லை. ஆனால், ஆங்கிலேயர் வகுத்த பாடமுறையோடு வந்த சொற்கள், அவர்கள் போன பின்னும் போகவில்லை. 'பெர்சுபெக்டிவ்' என்றும் 'காம்போசிசன்' என்றும் 'டெக்சுச்சர்' என்றும் தமிழெழுத்தில் குறிப்பெழுதிக்கொள்ளும் மாணவன், தான் வரைந்த படத்தைப் பற்றித் தன் தாயிடம் ஐந்து நிமையம் பேச மொழியற்று நிற்கின்றான். எதைத் தன் மொழியில் எண்ண இயலவில்லையோ அதைப் பிறர் எண்ணியவாறே செய்ய நேரும். படியெடுக்கும் கை வளரும். படைக்கும் கை வளராது.

அவ்வாறாயின் தமிழில் சொற்களே இல்லையா? உள்ளன, அவை கல்லூரிக்கு வெளியே உள்ளன.

குடந்தைக்கு அருகில், திருவேரகம் எனும் சுவாமிமலையில் செப்புத் திருமேனி வார்க்கும் கம்மியர், வேலை தொடங்குமுன் தென்னையோலை நறுக்கொன்றை எடுத்து, செய்யவிருக்கும் உருவத்தின் உயரத்திற்கு வெட்டிக்கொள்வார். அதனை மடித்து மடித்து, முகம், மார்பு, தொடை, முழங்கால் என ஒவ்வோர் உறுப்பிற்குமுரிய அளவைக் குறிப்பார். அடிக்கோலும் கணக்கேடும் இன்றியே உருவத்தின் ஒப்பளவு முழுதும் அவ்வோலையில் அடங்கிவிடும். அதன் பெயர் ஒடியோலை. காஞ்சிபுரத்து நெசவாளர் பாவு, ஊடை, கரை, முந்தி என்பார். சேலையின் உடலும் கரையும் வேறுவேறு நிறமாய் இருக்க, இரண்டையும் தறியிலேயே இழைபிணைத்து நெய்யும் அருந்திறனைக் கோர்வை என்பார். தெருக்கூத்துக் கலைஞர் ஆடுமிடத்தைக் களரி என்பார். கட்டியங்காரன், பின்பாட்டு, அடவு என்பன அவர்தம் அன்றாடச் சொற்கள். ஒப்பளவு பற்றியும் துகில் வடிவமைப்புப் பற்றியும் நாடக அரங்கு பற்றியும் கற்கும் மாணவர்க்கு இவற்றினும் சிறந்த பாடத்தொடக்கம் வேறு யாது?

இச்சொற்கள் ஏட்டில் இல்லை. அகவை முதிர்ந்த கலைஞரின் நாவில் உள்ளன. அவர்தம் மக்கள் வேறு பிழைப்புத் தேடி நகரங்கட்குப் பெயர்கின்றனர். தொழில் நின்றால் சொல் நிற்கும். ஒரு பட்டறை மூடப்படும் நாளில் எத்தனைச் சொற்கள் மண்ணுக்குள் போயின என்று கணக்கெடுப்பார் இலர்.

இந்நிலையை மாற்ற இயலாதென்பார் இசையின் வரலாற்றை எண்ணிப் பார்க்க. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' எனும் பெருநூலை வெளியிட்டுத் தமிழிசையின் தொன்மையை நிறுவினார். சிதம்பரத்தில் 1929-இல் அண்ணாமலையார் இசைக்கல்லூரி நிறுவினார். 1943-இல் தமிழிசைச் சங்கம் எழுந்தது. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் எனும் ஏழிசைப் பெயர்களும் மீண்டும் ஆய்வுக் களத்திற்கு வந்தன. மட்டக்களப்பு மண் ஈன்ற விபுலானந்த அடிகள் பல்லாண்டு முயன்று, 1947-இல் 'யாழ்நூல்' அரங்கேற்றி, அவ்வாண்டே மறைந்தார்.

நாடகத்திற்கும் சான்று உண்டு. 1960-களில் இலங்கைப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் என்ன செய்தார்? மட்டக்களப்பின் அண்ணாவியாரைப் பல்கலைக்கழகத்திற்கே வரவழைத்து, மாணவர்க்கு வடமோடி, தென்மோடிக் கூத்துகளைப் பயிற்றுவித்தார். 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியன மேடையேறின. அண்ணாவியாரிடம் என்ன பட்டம் உள்ளதென்று அவர் கேட்கவில்லை. ஊர்க்களரியில் வாழ்ந்த கலை பட்டப்படிப்பு மாணவரின் காலில் ஏறிற்று; அதன் சொற்களும் உடன் வந்தன.

சோற்றுக் கேள்விக்கும் விடை கூறியோர் உளர். சென்னை ஓவியக் கல்லூரித் தலைவராயிருந்த கே. சி. எசு. பணிக்கரும் அவரைச் சூழ்ந்த இளங்கலைஞரும் 1966-இல் சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் சோழமண்டல ஓவியர் சிற்றூரை அமைத்தனர். துணியிலும் மாழையிலும் கைவினைப் பொருள்கள் செய்து விற்று, அவ்வருவாயில் வாழ்ந்து, தாம் விரும்பிய ஓவியத்தைத் தளராது வரைந்தனர். கைவினையை இழிவென ஒதுக்காத ஓவியனைப் பசி வெல்லவில்லை.

தமிழ்ப்பற்றாளர் தம்மையும் வினவிக்கொள்ள வேண்டிய இடம் இது. கலைச்சொல் ஆக்குவோர் பலரும் அகரமுதலியைப் புரட்டி, வேர்ச்சொல் தேடி, ஆங்கிலத்திற்கு நேர் நிறுத்திப் புதுச்சொல் வார்க்கின்றனர். அம்முயற்சி போற்றத்தக்கதே. ஆயினும் தறிக்கும் உலைக்கும் களரிக்கும் சென்று, 'ஐயா, இதற்கு நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?' என்று கேட்டோர் எத்தனைப் பேர்? தூய தமிழ் பேசும் நாம், தமிழால் தொழில் செய்வோரைத் தேடிச் செல்லாதது நம் குறையே. கம்மியர் கூடங்களிலும் வடசொற்கள் கலந்துள்ளன எனின், அதுவும் உண்மையே. களைபறிப்பு இரண்டாம் வேலை. விளைச்சலை வீடு சேர்ப்பதே முதல் வேலை.

செய்யத்தக்கன இவை. ஒவ்வொரு கலைக்கல்லூரியும் பட்டம் நோக்காது, கைத்திறன் நோக்கிக் கம்மியரையும் நெசவாளரையும் கூத்தாசிரியரையும் உரிய ஊதியத்தோடு ஆசிரியராய் அமர்த்துதல் வேண்டும். இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவரும் ஒரு பட்டறையிலோ களரியிலோ தங்கி, அங்கு வழங்கும் சொற்களைப் படத்தோடு தொகுத்து அளித்தலைப் பாடத்தின் பகுதியாக்குதல் வேண்டும். தேர்வும் ஆய்வேடும் தமிழில் எழுதுவார்க்கு எவ்விடையூறும் இருத்தலாகாது. ஓவியம், இசை, நாடகம், வடிவமைப்புப் பயில்வோர் ஆண்டுக்கொரு முறையேனும் ஒன்றுகூடி ஓர் அரங்கைத் தாமே அளந்து, திரை தீட்டி, விளக்கமைத்து, பாடி ஆடுதல் வேண்டும். அறுவர் ஆசிரியர் சேர்ந்து ஒரு மாணவியை உருவாக்கிய மரபு, நான்கு கட்டடங்களில் நான்காகப் பிரிந்து கிடத்தல் தகாது.

அரசு செய்யுமென்று காத்திராது, அன்பர்கள் தத்தம் ஊரில் உள்ள தறிக்கும் உலைக்கும் களரிக்கும் இத்திங்களே செல்க. கையில் ஒரு குறிப்பேடு போதும். கருவிகளின் பெயரையும் செய்முறைகளின் பெயரையும் கேட்டு எழுதுக. கலை கற்க விழையும் மகனையோ மகளையோ தடுத்து நிற்கும் பெற்றோரிடம் பேசுக. முதுகம்மியரின் விரல்களில் ஒடியோலை இன்னும் மடிந்துகொண்டுதான் இருக்கின்றது. அவ்விரல்கள் ஓயுமுன், அச்சொல் ஓர் இளைய கையை அடைதல் வேண்டும்.